கொழும்பில் கோய் மீன் தொட்டி: பச்சைத் தண்ணீரும் கலங்கலும் தெளிய

பின்வளவில் கோய் மீன் தொட்டி கட்டி மீன் விட்ட எல்லோரும் முதல் சில மாதங்களுக்குள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் பச்சையாகிவிட்டது, என்ன போட்டால் தெளியும்? கடையில் கேட்டால் ஒரு போத்தலை எடுத்துத் தருவார்கள். அதை ஊற்றினால் சில நாளில் தண்ணீர் தெளியவும் கூடும். பிறகு மீண்டும் பச்சையாகும். சில வீடுகளில் தண்ணீர் தெளிந்த அன்று காலையே மீன் செத்து மிதக்கும். தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: பாசி தானாக வருவதில்லை. அதற்குத் தீனி எங்கிருந்து கிடைக்கிறது என்று கண்டுபிடித்து அதைக் குறைக்காதவரை எந்த மருந்தும் நிலைக்காது. உண்மையில் நாம் பராமரிப்பது தண்ணீரைத்தான். தண்ணீர் சரியாக இருந்தால் மீன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர் நாடுகளுக்கு எழுதப்பட்டவை. வசந்தத்தில் பாசி வரும், குளிர் தொடங்கினால் அடங்கும், பார்லி வைக்கோல் கட்டிப் போடுங்கள் என்று இருக்கும். கொழும்பில் பாசி அடங்குகிற காலம் என்று ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான தண்ணீர். யாழ்ப்பாணத்து உறவினரின் ஆலோசனையும் இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினநீர். நமக்கு வரும் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து வருவது, மென்னீர். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் கீழே சொல்லும் பல விஷயங்கள் இதில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் ஒரு கண்ணாடிக் குவளை

எதையும் வாங்குமுன் இதைச் செய்யுங்கள். நிறமில்லாத கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். பிறகு அசைக்காமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

காலையிலும் குவளை முழுவதும் ஒரே சீராகப் பச்சையாக இருந்தால் அது மிதக்கும் நுண்பாசி. ஒவ்வொன்றும் ஒற்றைக் கலம். ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சையும் பாயையும் தாண்டி ஓடிவிடும், எத்தனை தரம் ஃபில்டரைக் கழுவினாலும் பிடிபடாது. பால் கலந்ததுபோல் வெள்ளையாக, அடியில் ஒன்றும் படியாமல் இருந்தால் பாக்டீரியாப் பெருக்கம். அடியில் செம்மண் நிறத்தில் மெல்லிய படலம் படிந்து, மேல்தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தால் மழை கொண்டுவந்த மண். குவளைத் தண்ணீர் தெளிவாக, ஆனால் வெறுந்தேநீர் நிறத்தில் இருந்தால் மாவிலையும் பலா இலையும் ஊறிய சாயம். இது மீனுக்குக் கெடுதல் செய்வதில்லை. சருகை அள்ளிவிட்டு வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும்.

ஐந்தாவது வகை ஒன்று உண்டு. மேலே பெயின்ற் சிந்தியதுபோல் நீலம் கலந்த பச்சை ஆடை, கூடவே நாற்றம். கொழும்பில் பேர வாவிக் கரையால் வெயில் காலத்தில் நடந்து போனவர்களுக்கு அந்த நிறமும் மணமும் தெரிந்திருக்கும். இது நீலப்பச்சைப்பாசி, சில இனங்கள் நஞ்சு விடும். வீட்டுத் தொட்டியில் இதைக் கண்டால் ஆடையை வலையால் அள்ளி, அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றி, உணவை நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள்.

தொட்டியின் அளவு

மருந்து, உப்பு, பம்ப், விளக்கு எல்லாவற்றுக்கும் லீற்றர் கணக்கு வேண்டும். நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் மீற்றரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் பெருக்குங்கள். 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1.2 மீற்றர் ஆழம் என்றால் 7200 லீற்றர். கட்டுரை முழுவதும் இந்தத் தொட்டியையே வைத்துக்கொள்வோம்.

வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1000 லீற்றர் என்பது பழகிய கணக்கு. அப்படியானால் இதில் 7 மீன். கடையில் விரல் நீளத்தில் பார்க்கும்போது 7 மீன் மிகக் குறைவாகத் தெரியும், 25 வாங்கிவிடுவோம். ஆனால் கோய் கெண்டை இனம். இடமும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் 60 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். பச்சைத் தண்ணீருக்குக் காரணம் தேடும்போது முதலில் மீனை எண்ணுங்கள்.

பச்சைத் தண்ணீரைத் தெளிய வைத்தல்

மீன் தின்ற உணவு கழிவாகிறது. கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா வருகிறது. ஃபில்டரில் வாழும் பாக்டீரியா அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்று அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதுதான் பாசிக்கு உரம். உணவிலுள்ள பொசுபரசும் சேர்கிறது. மேலே வெயில். பாசிக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே முதல் படி உணவு. 5 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும், நாளுக்கு 2 தரம் போதும். மிதக்கும் உணவாக வாங்கினால் மிஞ்சுவதை அள்ளலாம். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளும் பிள்ளைகளும் பாணைப் பிய்த்துப் போடத்தான் செய்வார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் சின்ன டப்பாவில் அன்றைக்குரிய உணவை மட்டும் வைத்துவிடுங்கள். அவர்கள் ஆசையாகப் போடட்டும், டப்பா முடிந்தால் முடிந்ததுதான்.

இரண்டாவது, நிழல். பிற்பகல் வெயில் விழும் மேற்குப் பக்கத்தை முதலில் மறையுங்கள். பாதி வெளிச்சத்தை மறைக்கும் நிழல் வலை போதும். வலை தண்ணீரின் சூட்டையும் குறைக்கும். இது பாசியைவிட முக்கியம். 20 பாகையில் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் ஏழரைதான். அல்லி வைக்கலாம். ஆனால் கோய் மண்ணைக் கிளறும் மீன், சட்டியின் மேல் அது புரட்ட முடியாத பெரிய கல் பரப்பாவிட்டால் சேறும் வேரும் தொட்டி முழுக்க வரும்.

மூன்றாவது, ஃபில்டர். தொட்டித் தண்ணீர் முழுவதும் 2 மணித்தியாலத்துக்குள் ஒரு தரமாவது ஃபில்டரால் போய்வர வேண்டும். நம் தொட்டிக்கு மணிக்கு 3600 லீற்றர் ஓட்டும் பம்ப் என்பது குறைந்தபட்ச எல்லை, 5000 இருந்தால் நிம்மதி. பம்பின் பெட்டியில் எழுதியிருப்பது தண்ணீரை உயரம் ஏற்றாதபோது வரும் அளவு என்பதை மறக்க வேண்டாம். 200 லீற்றர் நீலப் பரல் இரண்டை வைத்துச் செய்த ஃபில்டர் விலை உயர்ந்த பெட்டிக்குக் குறைந்ததல்ல. முதல் பரலில் பிரஷும் பஞ்சும் கழிவைப் பிடிக்க, இரண்டாவதில் பாயும் பிளாஸ்டிக் பந்துகளும் பாக்டீரியா குடியிருக்க. முதல் பரலை வாரம் ஒருமுறை கழுவுங்கள். இரண்டாவதைத் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மட்டும் தொடுங்கள். இரண்டையும் கழுவுவது தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரில்தான். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும், சவர்க்காரம் கிட்டவே வரக்கூடாது.

ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி விழும் வழியில் ஒரு நீளமான தட்டு வைத்து, கல்லைப் பரப்பி, கங்குன் கீரைத் தண்டுகளை நட்டுவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. கொழும்பு வெயிலில் அது வளர்கிற வேகத்துக்கு நைத்திரேற்றை உறிஞ்சும், பாசிக்கு மிஞ்சுவது குறையும். வெட்டி எடுக்க எடுக்கத்தான் பயன், முற்றவிட்டால் அழுகி உரத்தைத் திருப்பித் தண்ணீருக்கே கொடுத்துவிடும். தொட்டிக்கு மீன் மருந்து ஏதும் போட்டிருந்தால் அந்தக் கீரையைச் சமைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் பொறுத்தும் பச்சை மாறாவிட்டால் யூவி (புற ஊதா) விளக்கு. தண்ணீர் ஒரு குழாய்க்குள் விளக்கைச் சுற்றி ஓடும்போது நுண்பாசி செத்துக் கட்டியாகிறது, பிறகு பஞ்சில் பிடிபடுகிறது. 1000 லீற்றருக்கு 3 வாட் என்று பார்த்தால் நம் தொட்டிக்கு 20 முதல் 25 வாட். போட்ட முதல் வாரம் செத்த பாசி ஃபில்டரை அடைக்கும், தினமும் பஞ்சைக் கழுவ வேண்டும், காற்றுப் பம்பை இரவும் பகலும் ஓட விடவேண்டும். சாதாரணமாக 2 வாரத்துக்குள் அடித்தளம் தெரியும். விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிந்தாலும் ஏறத்தாழ ஓராண்டில் அதன் பலம் போய்விடும், மாற்ற வேண்டும். விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. தொட்டியின் மின்சாரம் முழுவதும் ட்ரிப் சுவிட்ச் வழியாகவே வரட்டும், தொட்டிக்குள் கை வைக்குமுன் அணையுங்கள்.

நூல் பாசி

யூவி போட்டுத் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்த அடுத்த மாதம் பலர் திகைத்துப் போவார்கள். சுவரிலும் குழாயிலும் பச்சை மயிர்போல நூல் பாசி நீண்டு தொங்கும். காரணம் நேரானது: உரம் அப்படியே இருக்கிறது, மிதக்கும் பாசி போனதால் வெளிச்சம் இப்போது அடிவரை இறங்குகிறது. யூவி இதை ஒன்றும் செய்யாது, நூல் பாசி விளக்குப் பக்கம் போவதே இல்லை.

கையால்தான் எடுக்க வேண்டும். நீளமான தடியின் நுனியில் கழிப்பறை பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பாசித் திரளுக்குள் விட்டு ஒரே பக்கமாக மெல்லச் சுற்றினால் நூல் முழுவதும் பிரஷில் ஏறும். அவசரமாக இழுத்தால் அறுந்து, துண்டுகள் பம்ப் வாயில் போய் அடைக்கும். பம்பை அணைத்துவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள், ஈரக் கம்பளி போலக் கனத்து வெளியே வரும். ஒவ்வொரு பிடியும் தொட்டியிலிருந்து வெளியேறுகிற உரம்தான்.

சுவரில் விரல் நகத்தளவு கூட நீளாத கரும்பச்சைப் படலம் வேறு. அதைச் சுரண்ட வேண்டாம். அது தண்ணீரைச் சுத்தம் செய்கிறது, கோய் நாள் முழுக்க அதை மேயும். கரும்பச்சைச் சுவரும் தெளிந்த தண்ணீரும்தான் நல்ல தொட்டியின் அடையாளம். வெள்ளைச் சுவர் வேண்டுமென்று வாரா வாரம் தேய்க்கும் வீட்டில் தண்ணீர் ஒருநாளும் நிலைப்பதில்லை.

பால் வெள்ளையும் செம்மண்ணும்

புதுத் தொட்டியில் வரும் வெள்ளைக் கலங்கலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று சீமெந்து. பூச்சு முடிந்து உடனே தண்ணீர் நிரப்பினால் சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 10-ஐத் தாண்டலாம். மேசன் பாஸ் ‘இரண்டு நாளில் மீன் விடலாம்’ என்று சொன்னாலும் விடாதீர்கள். பல தரம் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, வெளியேற்றி, புதுத் தண்ணீர் பிடித்து ஒரு நாள் நின்ற பிறகும் பிஎச் 8.5-க்குக் கீழே இருந்தால்தான் மீன்.

மற்றது பாக்டீரியா. ஃபில்டரில் நல்ல பாக்டீரியா நிலைக்க 4 முதல் 6 வாரம் செல்லும். அதுவரை அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி இறங்கும். இந்த நாட்களில் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று கையில் இருக்க வேண்டும். யூவி வாங்கப் பணம் சேர்க்குமுன் இதை வாங்குங்கள். அமோனியா தெரிந்தால் உணவை நிறுத்தி, 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். நைத்திரைற்று தெரிந்தால் அதோடு 1000 லீற்றருக்கு 1 கிலோ கல்லுப்பு, நம் தொட்டிக்கு 7 கிலோ, கரைத்து ஊற்றினால் மீனின் இரத்தத்துக்குள் நைத்திரைற்று ஏறுவதைத் தடுக்கும். கங்குன் தட்டு இருந்தால் உப்புக்கு முன்பே அதைப் பிரித்துவிடுங்கள். மாற்றும் தண்ணீருக்கெல்லாம் ஆன்டி குளோரின் முதலில் போட வேண்டும், அளவு டப்பாவில் இருக்கும். குழாயை நேரே தொட்டிக்குள் விடுவதானால் கணக்கை மாற்றும் தண்ணீருக்கு மட்டுமல்ல, தொட்டி முழுவதற்கும் பாருங்கள்.

செம்மண் கலங்கலுக்கு வழி தொட்டிக்கு வெளியே இருக்கிறது. விளிம்பு நிலத்தைவிட 15 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும், கூரைப் பீலியின் வாய் தொட்டிப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. உள்ளே வந்த மண்ணுக்குப் பஞ்சின் மேல் நெருக்கமான வெள்ளைப் பஞ்சுப் படை ஒன்று வைத்து, அடைபட அடைபட மாற்றுங்கள். ஊரில் குடிநீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் கலங்கல் அடியில் போய்விடும், உண்மைதான். பானையில் மீன் இல்லை. தொட்டியில் அது அழுகும் பொருளாகிவிடும். படிகாரமும் வேண்டாம், மென்னீரில் பிஎச்சைச் சட்டென்று கீழே தள்ளும்.

மென்னீரின் ஆபத்து

தண்ணீரின் காரத்தன்மையைச் சோதனைப் பெட்டியில் கேஎச் என்று போட்டிருப்பார்கள். பிஎச் தாறுமாறாக ஏறி இறங்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஃபில்டர் பாக்டீரியா வேலை செய்யும்போது அதைத் தின்று தீர்க்கிறது. மழைத் தண்ணீரில் அது இல்லவே இல்லை. ஆகவே கொழும்புத் தொட்டியில் கேஎச் கரைந்துகொண்டே போகும். பாசி நிறைந்த தொட்டியில் பகலில் பாசி கரியமிலவாயுவை உறிஞ்ச, மாலையில் பிஎச் 9-க்கு ஏறும், விடிவதற்குள் 7-க்கு இறங்கும். 28 பாகைத் தண்ணீரில் பிஎச் 7 என்றால் அமோனியாவில் 100-க்கு ஒரு பங்கு கூட நஞ்சு வடிவில் இல்லை. பிஎச் 9-இல் 40 பங்குக்கு மேல். காலையில் சோதித்து எல்லாம் நலம் என்று நினைத்த தொட்டியில் மாலையில் மீன் தவிப்பது இதனால்தான். காலையும் மாலையும் சோதியுங்கள்.

கேஎச் 5 பாகைக்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் அப்பச்சோடா போதும்: 1000 லீற்றருக்கு 30 கிராம் போட்டால் ஒரு பாகை ஏறும், நம் தொட்டிக்கு 215 கிராம். வாளியில் கரைத்து, நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்றாமல். அமோனியா இருந்தால் முதலில் தண்ணீர் மாற்றம், பிறகு சோடா. ஃபில்டர் பரலில் ஒரு பை மட்டி ஓடு தொங்கவிட்டால் மெல்லக் கரைந்து கொஞ்சம் கைகொடுக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், தயவுசெய்து துத்தம் போடாதீர்கள். மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது சரி. அதிலிருப்பது செம்பு, மென்னீரில் செம்பு மீனைக் கொல்லும் அளவு மிகச் சிறியது. கடைகளில் விற்கும் பாசி மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு, லேபிளை வாசித்த பிறகு வாங்குங்கள். செம்பில்லாத மருந்தானாலும், பாசி முழுவதும் ஒரே நாளில் செத்தால் அழுகும்போது ஒட்சிசனை எடுத்துவிடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்குவது அப்போதுதான். அதைக் கண்டால் காற்றுப் பம்ப், விழும் தண்ணீர், கால்வாசித் தண்ணீர் மாற்றம், மூன்றும் உடனே.

மழை, நுளம்பு, கரண்ட்

மே மாதத் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன்பும் ஒக்டோபர் மழைக்கு முன்பும் கேஎச் பார்த்து ஏற்றி வையுங்கள், வழிந்தோடும் குழாயில் வலை இருக்கிறதா என்று பாருங்கள். அடைமழையில் தொட்டி நிரம்பி மீன் வளவுக்குள் போன வீடுகள் உண்டு.

டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் தொட்டியைப் பார்ப்பார்கள். மீன் உள்ள தொட்டியில் குடம்பிகளை மீனே தின்றுவிடும். கவனிக்க வேண்டியது பக்கத்தில் கிடக்கும் வாளி, ஓடாமல் நிறுத்திய ஃபில்டர் பரல், நிழல் வலை தொய்ந்து தேங்கிய தண்ணீர். அள்ளிய பாசியையும் ஃபில்டர் கழுவிய தண்ணீரையும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், நல்ல உரம். மிஞ்சும் நீர்ச்செடிகளை வாய்க்காலில் வீசவே கூடாது. நீர்ப்பதுமராகத்தைத் தடுக்க 1909-இலேயே இலங்கையில் சட்டம் வந்தது, ஒரு தோட்டத்திலிருந்து தப்பிய செடி ஒரு கால்வாயை மூட அதிக காலம் எடுக்காது.

கரண்ட் போவதற்கும் தயாராக இருங்கள். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை மின்னேற்றி வையுங்கள். அதன் குழாய் நுனியிலுள்ள காற்றுக் கல்லைத் தொட்டிக்குள் போடுங்கள், இரண்டாவது பம்ப் இருந்தால் அது ஃபில்டர் பரலுக்கு. ஒன்றுமே இல்லையென்றால் தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பதும் உதவும். சில மணித்தியாலம் ஓட்டம் நின்ற பரலுக்குள் ஒட்சிசன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும், தண்ணீர் கெடும். ஆகவே கரண்ட் வந்தவுடன் பம்பைப் போடாதீர்கள். பரலின் அடி வால்வைத் திறந்து, அந்தத் தண்ணீரை வெளியே விட்டு, தொட்டித் தண்ணீரால் ஒரு தரம் அலசிய பிறகு போடுங்கள். அன்று உணவு வேண்டாம். மறுநாள் காலை அமோனியா பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாவிட்டால் வழக்கத்தின் பாதி அளவு போடலாம்.